மூன்றெழுத்துப் பெயருக்கு நான்கு லட்சமா? டொமைன் விலையைக் கணிப்பது எப்படி?

அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். சவூதியில் இருபத்தோரு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் அருகில் வந்து உட்கார்ந்தார். கையில் மகன் எழுதிக் கொடுத்த தாள் ஒன்று.

"ஹஜரத், புள்ள பேரு வாங்கி விக்கிறேங்குறான். ஊடு இல்ல, மனை இல்ல, கடைச் சரக்கும் இல்ல. வெறும் பேரு. மூணே எழுத்து. நாலு லட்சம் கேக்குறான். இது கூடுமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

கூடுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அதிக நேரம் ஆகாது. பயனுள்ள ஓர் உரிமையை, அடுத்தவர் ஹக்கில் கை வைக்காமல், ஏமாற்று இல்லாமல் வாங்கி விற்பதில் தடை எதுவும் இல்லை. ஆனால் பெரியவருக்கு உறுத்தியது அதுவல்ல என்று தாளைப் பார்த்தவுடனே தெரிந்தது. நாலு லட்சம் திரும்பி வருமா என்பதே அவருடைய உண்மையான கேள்வி. அதற்குப் பதில் எனக்கும் தெரியவில்லை. இஷாவுக்குப் பிறகு மூன்று இரவுகள் அந்தத் தம்பியோடு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது இதில் கால் வைக்கிறார்கள் என்பதால், விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மனை அல்ல, குத்தகை

இணையதளத்தின் முகவரியைத்தான் டொமைன் என்கிறார்கள். அதில் புள்ளிக்கு முன்னால் இருப்பது பெயர். பின்னால் வருகிற காம், நெட், ஆர்க், இன் போன்றவை எக்ஸ்டென்ஷன். கல்லூரியில் தமிழ் இலக்கணம் படித்த பழக்கம், நான் அதை விகுதி என்றே சொல்லிக்கொள்கிறேன். ஒரு விகுதியில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். முதலில் பதிந்தவருக்கே அது சொந்தம் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் சொந்தம் இல்லை, குத்தகை. ஒரு முறைக்கு அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குக் கட்டணம் கட்டி வைக்கலாம். கட்டத் தவறினால் டாட் காமில் சிறிது அவகாசம் தருவார்கள். அதன் பிறகும் 30 நாட்களுக்குள் அபராதத்தோடு மீட்கலாம். அதுவும் கழிந்தால் 5 நாட்களில் பெயர் அழிந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். ஆக, விற்காமல் வைத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் செலவுதான். மனையைச் சும்மா போட்டு வைத்தால் புல்தான் முளைக்கும். இதைச் சும்மா போட்டு வைத்தால் பணம் கரையும்.

குட்டிப் பெயருக்கு ஏன் மவுசு?

கணக்கு எளிது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். இரண்டெழுத்துச் சேர்க்கைகள் மொத்தம் 676. மூன்றெழுத்தில் 17,576. நான்கெழுத்தில் 4,56,976. ஐந்தெழுத்துக்குப் போனால் 1 கோடியே 18 லட்சத்தைத் தாண்டிவிடும். டாட் காமில் ஒற்றை எழுத்துப் பெயர்கள் க்யூ, எக்ஸ், இஸட் ஆகிய மூன்று மட்டுமே புழக்கத்தில் உள்ளன. மற்றவை 1993 முதலே யாருக்கும் தரப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றெழுத்து டாட் காம்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. நான்கெழுத்தும் 2007ஆம் ஆண்டோடு முடிந்தது. இனி அவற்றை முந்தைய உடைமையாளரிடமோ ஏலத்திலோதான் வாங்க முடியும்.

அரிதாக இருப்பதாலேயே விலை வந்துவிடாது. கேட்க ஆள் இருக்க வேண்டும். 786 என்று முடியும் ரூபாய் நோட்டை நம்மவர்கள் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நோட்டு பத்து ரூபாய்தான். அந்த எண் எதுவோ ஆகப்போகிறது என்று நினைப்பவர் எதிரில் வந்தால்தான் அதற்கு நூறு ரூபாய். (அந்த எண்ணைப் பற்றி என் கருத்து வேறு. அது இங்கே வேண்டாம்.)

மூன்றெழுத்து டாட் காமுக்குக் கேட்க ஆள் உண்டு. எந்த மூன்று எழுத்தை எடுத்தாலும் அதையே சுருக்கப் பெயராக வைத்திருக்கும் கம்பெனி, வங்கி, பல்கலைக்கழகம், சங்கம் உலகில் பல இருக்கும். ஆகவே கேட்டாலே முகம் சுளிக்கும் எழுத்துச் சேர்க்கைகூட அந்த விகுதியில் பத்தாயிரம் டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது. நான்கெழுத்தில் நிலைமை தலைகீழ். உச்சரிக்க வராத நான்கு எழுத்து டாட் காமில் இருந்தாலும், வியாபாரிகளுக்குள் சில நூறு டாலருக்குத்தான் கை மாறும். அதே நான்கெழுத்து ஒரு சொல்லாக இருந்தாலோ, வாயில் எளிதாக வந்தாலோ, விலை பல்லாயிரத்துக்கும் லட்சத்துக்கும் போகும். ஒரே ஓர் எழுத்து கூடியதற்கு இவ்வளவு பெரிய பள்ளம். தம்பிக்கு இது புரியவில்லை. "நாலு எழுத்தும் ஷார்ட்தானே ஹஜரத்" என்றான்.

பெரிய விற்பனைகளைப் பார்த்தால் இந்த நடைமுறை தெளிவாகும். 2010இல் ஃபேஸ்புக் நிறுவனம் எஃப்பி டாட் காம் என்ற பெயரை 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. விற்றது அமெரிக்க விவசாயிகளின் கூட்டமைப்பான ஃபார்ம் பியூரோ. அவர்கள் அதே இரண்டெழுத்தை ஆர்க் விகுதியில் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 2014இல் ஜப்பானின் ஜிஎம்ஓ நிறுவனம் இஸட் டாட் காமை நிஸ்ஸானிடமிருந்து 80 கோடி யென்னுக்கு வாங்கியது. 2015இல் சீனாவின் சீஹூ 360 நிறுவனம், 360 டாட் காமுக்குக் கொடுத்தது 1 கோடியே 70 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. அப்பெயர் அதுவரை வோடஃபோனிடம் இருந்தது. மூன்றிலும் ஒரு பொது விஷயத்தைக் கவனியுங்கள். வாங்கியவருக்கு அந்தப் பெயரேதான் வேண்டும், வேறு எதுவும் உதவாது. விற்றவருக்கோ அவசரமே இல்லை. விலை எழுத்தின் எண்ணிக்கையிலிருந்து பிறக்கவில்லை, இந்த இரண்டு நிலைமைகளிலிருந்து பிறந்தது. உங்கள் மகனிடமிருக்கும் பெயருக்கு அப்படிப்பட்ட ஒரு வாங்குபவரை, பெயர் சொல்லி, உங்களால் சுட்ட முடியுமா? முடியாவிட்டால் இந்த விற்பனைகளை எடுத்துக்காட்டாகச் சொல்லக் கூடாது.

ஊர் முழுதும் ஒரே நேரத்தில் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. 2015இன் பிற்பகுதியில் சீன முதலீட்டாளர்கள் குட்டிப் பெயர்களை மொத்தமாக அள்ளினார்கள். ஐந்து உயிரெழுத்துகளும் வி என்ற எழுத்தும் இல்லாத சேர்க்கைகள் அவர்களுக்கு உசத்தி. சீனச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது பெரும்பாலும் அவை முதலெழுத்தாக வராது என்பது காரணம். எண்களில் 8க்கு மவுசு. 4 சாவைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிப்பதால் அதற்கு வெறுப்பு. இருபது எழுத்துகளில் அமையும் நான்கெழுத்துப் பெயர்கள் 1,60,000. இவை சில நூறு டாலரிலிருந்து சில மாதங்களிலேயே ஈராயிரம் டாலர் அளவுக்கு ஏறின. 2016இல் இறங்கத் தொடங்கின. ஏறும்போது வாங்கியவர்கள் யாரும் அந்தப் பெயரில் இணையதளம் நடத்தப் போவதாக இல்லை. ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

விகுதி மாறினால் விலை மாறும்

தம்பி கேட்ட நான்கு லட்சம் டாட் காமுக்கு அல்ல, டாட் ஐஓவில் ஒரு மூன்றெழுத்துக்கு. ஆகவே இந்தப் பகுதிதான் எங்களுக்கு அதிக நேரம் எடுத்தது.

மூன்றெழுத்து டாட் காம் பத்தாயிரம் டாலருக்கு மேல் என்றால், அதே எழுத்துகள் டாட் நெட்டில் சில நூறு டாலரில் கை மாறுவதைப் பார்க்கலாம். மக்கள் நினைவிலிருந்து தட்டச்சு செய்யும்போது கை தானாகக் காம் என்று போடுகிறது. வேறு விகுதியில் கடை வைத்தவருடைய வாடிக்கையாளரும் மின்னஞ்சலும் அடிக்கடி காம்காரரிடம் போய்ச் சேரும். டாட் ஆர்க்குக்குத் தொண்டு நிறுவனங்கள், ஜமாஅத்துகள், அறக்கட்டளைகள் மத்தியில் மதிப்பு உண்டு. ஆனால் அவர்களிடம் பெயருக்குக் கொட்டிக் கொடுக்கப் பணம் இருப்பதில்லை.

இரண்டெழுத்து விகுதிகள் எல்லாம் நாடுகளுக்கோ நிலப்பகுதிகளுக்கோ உரியவை. டாட் இன் நம்முடையது. டாட் எல்கே இலங்கை. டாட் டிவி என்பது தொலைக்காட்சி அல்ல, பசிபிக் கடலில் இருக்கும் துவாலு என்ற சின்னஞ்சிறு தீவு நாடு. டாட் கோ கொலம்பியா. டாட் ஏஐ கரீபியன் கடலின் அங்குவில்லா தீவு. செயற்கை நுண்ணறிவு அலை வந்ததும் அந்தத் தீவுக்கு அடித்தது யோகம். 2023இல் மட்டும் பெயர்ப் பதிவால் அங்குவில்லா அரசுக்குச் சுமார் 3 கோடியே 20 லட்சம் டாலர் வந்தது, அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதே ஆண்டில் யூ டாட் ஏஐ என்ற பெயர் 7 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் இங்கே குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதிய வேண்டும். அதற்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். பத்துப் பெயர் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள்.

டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு, அதாவது சாகோஸ் தீவுகளுக்கு உரியது. மென்பொருள் கம்பெனிகளுக்கு அது பிடித்துப்போனது. ஆனால் அந்தத் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு மாற்றுவதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்தது. 2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. நாட்டுக் குறியீடுகளின் சர்வதேசப் பட்டியலில் ஐஓ நீக்கப்பட்டால், அந்த விகுதியையும் சில ஆண்டு அவகாசத்தில் படிப்படியாக மூடுவது விதி. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ அப்படித்தான் 2010இல் நீக்கப்பட்டது. ஐஓவுக்கு அதே கதி என்று நான் சொல்லவில்லை. பழைய சோவியத்தின் டாட் எஸ்யூ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் நான்கு லட்சம் போடுகிறவர் இப்படி ஒரு விவகாரம் இருப்பதையே அறியாமல் போடக் கூடாது. தம்பி அறியாமல்தான் இருந்தான்.

2014 முதல் நூற்றுக்கணக்கில் வந்த புதிய விகுதிகள் இன்னொரு ரகம். எக்ஸ்ஒய்இஸட், ஆன்லைன், ஷாப் என்று நீளும் பட்டியல். முதல் ஆண்டு நூறு ரூபாய் என்று விளம்பரம் இருக்கும், இரண்டாம் ஆண்டு கட்டணத்தைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். நல்ல குட்டிப் பெயர்களை அந்த விகுதியை நடத்தும் நிறுவனமே பிரீமியம் என்று ஒதுக்கி வைத்திருக்கும். சிலவற்றுக்கு வாங்கும்போது மட்டுமல்ல, ஆண்டுதோறுமே உயர்ந்த கட்டணம். டாட் காமின் மொத்த விலைக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டு. 2024 செப்டம்பரில் அது 10.26 டாலராக இருந்தது. புதிய விகுதிகளுக்கு அப்படி வரம்பு இல்லை, ஆறு மாத முன்னறிவிப்போடு ஏற்றிக்கொள்ளலாம். எனவே இவற்றில் ஒரு பெயரைக் கண்டவுடன் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, அடுத்த ஆண்டுக்கான ரெனிவல் கட்டணத்தை.

தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் விகுதிகள் இருப்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தம்பி காட்டியபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மறுவிற்பனைக்கு அங்கே சந்தை என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை.

கணிப்பது எப்படி?

மனை வாங்கும்போது அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று, விற்பவர் சொல்லும் விலை ஒன்று, பக்கத்து மனை போன மாதம் உண்மையில் போன விலை ஒன்று. மூன்றாவதைத்தானே விசாரிப்போம்? இங்கேயும் அதுவே வழி. நேம்பயோ என்ற தளத்தில் நடந்து முடிந்த விற்பனைகளைத் தேடிப் பார்க்கலாம். அதே விகுதி, அதே எண்ணிக்கையில் எழுத்து, அதே ரகம் என்று வடிகட்ட வேண்டும். உச்சரிக்க வருகிற பெயரை வராத பெயரோடு ஒப்பிடக் கூடாது. கடைசி ஒன்றிரண்டு ஆண்டுகளின் விற்பனைகளை எடுத்து, மேலே இருக்கும் ஒன்றிரண்டு பெரிய தொகைகளைத் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள். விற்காமல் போனவை அந்தப் பட்டியலில் வராது என்பதையும் மறக்க வேண்டாம். கடலுக்குப் போய்த் திரும்பியவர்களிடம் மட்டும் கேட்டால் கடலில் ஆபத்தே இல்லை என்றுதான் தோன்றும்.

அடுத்து, அதே எழுத்துகளை எத்தனை விகுதிகளில் யார் யார் பதிந்திருக்கிறார்கள், அவற்றில் உண்மையான நிறுவனங்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். டாட் காமில் வளர்ந்து வரும் கம்பெனி ஒன்று நடந்தால் மற்ற விகுதிகளுக்கும் கொஞ்சம் மதிப்பு வரும். எல்லா விகுதிகளிலும் 'விற்பனைக்கு' என்ற பலகை மட்டும் தொங்கினால், அது வியாபாரிகள் மட்டுமே கூடிய, வாங்க ஆள் வராத சந்தை.

தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகள் என்று சில உண்டு. பெயரைத் தட்டினால் தொகை சொல்லும். தம்பியின் நாற்பது பெயர்களுக்கும் அது சொன்ன கூட்டுத்தொகை 22 லட்சம். அந்த எண்ணைத்தான் அவன் தாளில் எழுதி வாப்பாவிடம் கொடுத்திருந்தான். "சரி தம்பி, அதில் பாதி விலைக்கு இன்றைக்கே எடுத்துக்கொள்ள ஒருவரைக் காட்டு" என்றேன். தெரிந்த வியாபாரிகள் இருவருக்கு எழுதிப் போட்டான். ஒருவர் பதில் போடவில்லை. மற்றவர் நாற்பதில் மூன்றை மட்டும் குறித்து, மூன்றுக்கும் சேர்த்து எண்பது டாலர் என்றார்.

இரண்டு விலைகள் உண்டு என்பதைப் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குக் கொடுப்பது மொத்த விலை. அதை உடனே பணமாக்கலாம். அந்தப் பெயரில் தொழில் நடத்தப்போகிறவர் கொடுப்பது சில்லறை விலை. அது பத்து மடங்கு, இருபது மடங்குகூட இருக்கலாம். ஆனால் அவர் நாளை வருவாரா, பத்தாண்டு கழித்து வருவாரா, வரவே மாட்டாரா என்று சொல்ல முடியாது. இத்தொழிலில் உள்ளவர்களே ஆண்டுக்கு நூறு பெயரில் ஒன்றோ இரண்டோ விற்றால் சரி என்று பேசிக்கொள்வார்கள்.

அதை வைத்து ஒரு கணக்குப் போட்டோம். நாற்பது பெயர், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,200 ரூபாய் என்றால் 48,000 ரூபாய். நூற்றுக்கு ஒன்று விற்கும் என்றால் நாற்பது பெயரில் ஒன்று விற்க இரண்டரை ஆண்டு ஆகும். அதற்குள் கட்டியிருப்பது 1,20,000 ரூபாய். விற்பனைத் தளம் 20 விழுக்காடு கமிஷன் எடுத்தால், அந்த ஒரே பெயர் ஒன்றரை லட்சத்துக்குப் போனால்தான் கைப்பணம் திரும்பும். லாபம் பிறகு. நூற்றுக்கு இரண்டு விற்றால் 75,000 ரூபாய் போதும். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா கடைக் கணக்குன்னு புரிஞ்சிருக்குமே" என்றார்.

மூன்றாம் இரவுதான் தம்பி ஒன்றைச் சொன்னான். முந்தைய மாதம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஒரு பெயருக்கு எட்டாயிரம் டாலர் தருகிறேன், ஆனால் இன்ன இடத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள் என்று. ஆறாயிரம் ரூபாய் கட்டிச் சான்றிதழ் வாங்கி அனுப்பியிருக்கிறான். அதோடு ஆளைக் காணோம். வாங்குபவரும் சான்றிதழ் தருபவரும் ஒரே ஆள் என்பது இந்தத் தொழிலின் பழைய மோசடி. பெயருக்கு விலை சொல்லச் சட்டப்படி யாருக்கும் தனி அதிகாரம் கிடையாது. சான்றிதழ் கேட்கிறவர் வாங்கப் போவதில்லை. பெரிய தொகை கை மாறும்போது எஸ்க்ரோ எனப்படும் நடுநிலைக் கணக்கு வழியாகப் போவதே முறை. பணம் அங்கே வந்த பிறகு பெயரை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

பிறர் ஹக்

நாற்பதில் நான்கு பெயர்கள் பிரபல கம்பெனிகளின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ அமைந்தவை. அவற்றுக்குத்தான் கருவி அதிக மதிப்புச் சொல்லியிருந்தது! உண்மையில் அவற்றின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே. சத்யம் இன்ஃபோவே தொடுத்த ஸிஃபி பெயர் வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று நமது உச்ச நீதிமன்றம் 2004இலேயே தீர்ப்பளித்துவிட்டது. டாட் காம் போன்றவற்றுக்கு 1999 முதல் யுடிஆர்பி என்ற சர்வதேச நடுவர் முறையும் இருக்கிறது. பெயர் தம் சின்னத்தை ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தில் பதிந்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் நிறுவினால் பெயர் பறிபோகும். கெட்ட நோக்கத்துக்கு அந்த விதியிலேயே சொல்லியிருக்கும் முதல் எடுத்துக்காட்டு, சின்னத்தின் உரிமையாளருக்கே அதிக விலைக்கு விற்பதற்காகப் பதிவது. டாட் இன்னுக்கும் இதைப் போன்ற நடுவர் முறை உண்டு.

இன்னும் இரண்டு விஷயங்கள். விற்கும்வரை பெயரை விளம்பரப் பக்கமாக நிறுத்தி வைத்தால் சில்லறை வரும் என்பார்கள். அதில் எந்த விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை. சூதாட்டமும் வட்டிக் கடனும் தாராளமாக வரும். ஏலத்தில் தன் பெயருக்குத் தானே வேறு கணக்கிலிருந்து விலை ஏற்றுவதும் நடக்கிறது. வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை ஏற்றிவிடுவதை நஜ்ஷ் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது தெரிந்ததே. ஏலத்தில் ஏறிய விலையை அப்படியே சந்தை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்கும் இதுவே காரணம்.

விற்பதற்கென்றே வாங்கி வைத்தவை வியாபாரச் சரக்கு என்பதால் ஜகாத் கணக்கிலும் வரும். எந்த விலையில் என்று தம்பி கேட்டான். வாங்கிய விலையும் அல்ல, கருவி சொன்ன 22 லட்சமும் அல்ல. ஆண்டு நிறையும் நாளில் சந்தையில் உண்மையாகப் போகும் விலை.

டாட் ஐஓ பெயரை அவர்கள் வாங்கவில்லை. முன்பு நடந்த விற்பனைகளில் அதே ரகம் எதுவும் கேட்ட தொகையில் பாதியைக்கூடத் தொடவில்லை. நாற்பதில் நான்கை அன்றே நீக்கச் சொன்னேன். இருபத்தேழை ரெனிவல் தேதி வரும்போது விட்டுவிடுவதாகத் தம்பி ஒப்புக்கொண்டான். மிச்சம் ஒன்பது. அவற்றில் ஒன்று நம் பகுதியின் மீன் ஏற்றுமதிக்குப் பொருத்தமான ஐந்தெழுத்துச் சொல், டாட் இன்னில். அதை விற்பதா, அதிலேயே தொழில் தொடங்குவதா என்று இப்போது வாப்பாவும் மகனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பதின் ரெனிவல் தேதிகளும் பெரியவரின் பழைய சவூதி டைரியின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன.